தரைக்குத் தாழ்ந்த அறைகளில் நீர்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

மழைக்காலம் தொடங்கியதும் வீட்டுத் தரையில் ஓதம் ஏறுவதும், சுவரின் அடிப்பாகம் நனைந்து காரை உதிர்வதும், தாழ்ந்த அறைகளில் ஜலம் ஊறி நிற்பதும் பல கிராமங்களில் ஆண்டுதோறும் நேரிடும் தொல்லைகளாகும். இவற்றுக்குப் பரிகாரமாகக் குடித்தனக்காரர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. கொத்தனாரை அழைத்து, நனைந்த சுவருக்கு உட்புறத்தில் சிமெண்டுப் பூச்சுப் பூசி, தரைக்கும் ஒரு தளம் இட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டு சுவர் உலர்ந்ததுபோல் தோன்றும். இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பெயர்ந்து, ஓதம் முன்னைவிட உயரத்தில் ஏறிவிடும். மீண்டும் செலவு, மீண்டும் பூச்சு. இவ்வாறு பணம் விரயமாவதற்குக் காரணம், ஜலம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியுமுன் அது வெளிப்படும் இடத்தை அடைக்க முற்படுவதேயாகும்.

எந்த வீடுகளுக்கு இத்தொல்லை உண்டு

நிலவறை உள்ள வீடுகளுக்கு மட்டுமே இது நேரும் என்று எண்ணுவதற்கில்லை. மேடும் பள்ளமுமான மனையில் கட்டிய வீட்டில், ஒரு பக்கத்து அறைகள் மண்ணுக்குள் அமைந்திருக்கும். அவையும் நிலவறைக்கு ஒப்பானவையே. இவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுவது வேறொரு வகையாகும். வீடு கட்டிய காலத்தில் தெருவுக்கு மேல் இரண்டு மூன்று படி உயரமாக இருந்த தரை, பழைய சாலையின்மேல் புதிய தளம் பலமுறை இட்டதனால், தெருவுக்குச் சமமாகிப் பின்னர் தெருவுக்குக் கீழாகவும் ஆகிவிடுகிறது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. முன்பு வாசலிலிருந்து தெருவுக்கு ஓடிய மழைஜலம் இப்பொழுது தெருவிலிருந்து வாசலுக்கு ஓடுகிறது. பழைய திண்ணை வீடுகள் பல இவ்வாறு யாரும் தோண்டாமலே நிலவறைகளாக மாறியிருக்கின்றன.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. காவிரிப் படுகை போன்ற நஞ்சைப் பிரதேசங்களில் அதே சமயத்தில் வயல்களிலும் வாய்க்கால்களிலும் ஜலம் நிற்பதால், நிலத்தடி நீர் மட்டமும் உயர்ந்துவிடுகிறது. தாழ்ந்த அறைக்கு மேலிருந்தும் கீழிருந்தும் ஒருங்கே ஜலம் வருவது இக்காலத்தில்தான்.

ஓதத்தால் நேரும் நஷ்டம்

தாழ்ந்த அறைகளே பெரும்பாலும் நெல் மூட்டைகளுக்கும் விதைக்கும் உரத்துக்கும் இடமாக விடப்படுகின்றன. நெல்லைக் கெடாமல் சேமிக்க வேண்டுமானால் அதன் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மிகாமல் இருத்தல் அவசியம். விதைநெல்லுக்கு அதனினும் குறைவாக இருத்தல் வேண்டும். நன்றாகக் காயவைத்த நெல்லும் ஓதம் அடிக்கும் தரையில் கிடந்தால் மீண்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த விதை முளைப்பதில்லை. யூரியா கட்டியாகும், சிமெண்டு மூட்டைக்குள்ளேயே இறுகிவிடும்.

நிலக்கடலை விஷயத்தில் அபாயம் இன்னும் பெரிது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் திடீரென்று மாண்டன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரியவந்தது. அப்ளாடாக்சின் என்று பெயரிடப்பெற்ற அந்நஞ்சு மனிதருக்கும் ஈரலைக் கெடுப்பது. சமைத்தாலும் எளிதில் நீங்காதது. ஆகையால் பூஞ்சணம் பூத்த கடலையைத் துடைத்து விற்பதும் மாட்டுக்கு வைப்பதும் தகாத காரியங்களாகும்.

ஓதச் சுவரில் வளரும் பூஞ்சணம், அவ்வறையில் படுக்கும் குழந்தைகளுக்கும் இழுப்பு நோயுள்ளவர்களுக்கும் தீங்கு விளைப்பதையும் மறந்துவிடலாகாது.

ஜலம் வரும் வழிகள்

ஜலம் நான்கு வழிகளில் வருகிறது.

முதலாவது, மேற்பரப்பு ஜலம். கூரையிலிருந்து வடிவதும், முற்றத்திலும் தெருவிலும் ஓடுவதும் சுவர் ஓரத்து மண்ணில் இறங்கி, சுவர் வழியாக உள்ளே வருவது இது. 500 சதுர அடிக் கூரையின்மேல் 1 அங்குல மழை பெய்தால் வடியும் ஜலம் சுமார் 1,180 லிட்டர். குடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளும் என்றால் இது ஏறக்குறைய 80 குடம். ஒரே மழையில் 80 குடம் ஜலத்தைத் தம் வீட்டு அஸ்திவாரத்தில் கொட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் இறவாரத்து ஜலத்தைச் சுவரடியில் விழவிடுகிறவர்கள் செய்வது அதுவே.

இரண்டாவது, நிலத்தடி நீர். நீர் மட்டம் தரைக்கு மேல் உயரும்போது, தளத்தின் வெடிப்புகளிலும் சுவரும் தரையும் கூடும் மூலையிலும் ஜலம் ஊற்றெடுக்கும்.

மூன்றாவது, உறிஞ்சி ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோலச் செங்கல்லும் மண்சுவரும் தம் நுண்ணிய துவாரங்களால் ஈரத்தை மேலே இழுக்கின்றன. சாதாரணமாக இது தரையிலிருந்து 3 அடி வரையில் ஏறும். மண்ணிலுள்ள உப்பும் ஜலத்துடன் ஏறி, ஜலம் உலர்ந்தபின் சுவரில் வெண்மையாகப் பூத்துக் காரையை அரித்துவிடுகிறது.

நான்காவது, காற்றிலுள்ள ஈரம். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்றுக் குளிர்ந்த சுவரில் பட்டதும், குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதுபோலச் சுவர் வியர்க்கிறது. இது கசிவே அன்று.

இவற்றுடன், உடைந்த குடிநீர்க் குழாய், வெடித்த தொட்டி, கழிவறைக் குழி, அண்டை வீட்டுச் சாக்கடை இவற்றிலிருந்து வரும் ஜலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

காரணத்தைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. காலத்தைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். மழை பெய்த சில மணி நேரத்துக்குள் ஜலம் தோன்றி, மழை நின்றதும் குறைந்தால், அது மேற்பரப்பு ஜலம். மழை விட்டுப் பல நாட்களான பின்னரும் தரையிலிருந்து ஊறிக்கொண்டே இருந்தால், அது நிலத்தடி நீர். சித்திரை வைகாசியிலும் குறையாமல் இருந்தால், குழாயையோ தொட்டியையோ சாக்கடையையோ சந்தேகிக்க வேண்டும். அச்சமயத்தில் சாக்கடையில் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றிக் கவனிக்கலாம். அந்த நிறம் சுவரில் தோன்றினால் விவகாரம் தீர்ந்தது. தோன்றாவிடினும் ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். மண்ணூடே ஜலம் மெதுவாகவே செல்லும்.

கசிவா, வியர்வையா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒரு முழச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரமே.

நிலத்தடி நீரின் உயரத்தை வீட்டுக் கிணறு காட்டும். கொத்தனார்கள் ஜலம் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாயைக் கொண்டு, அறைத் தரையின் மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் ஒரு கோடாகக் குறித்துவிடலாம். கிணற்று ஜலம் அக்கோட்டை நெருங்கும் நாளும், அறையில் ஊற்றுத் தோன்றும் நாளும் ஒன்றாக இருந்தால் காரணம் ஐயமறத் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை அளந்து தேதியுடன் எழுதிவைத்தால், ஒரே பருவத்தில் வேண்டிய விவரம் கிடைக்கும்.

உட்புறப் பூச்சு நிலைக்காத காரணம்

ஜலத்தின் பலத்தை அறியாதவர்களே உட்புறப் பூச்சை நம்புகிறார்கள். தளத்தின் அடிப்பாகத்துக்கு 1 அடி உயரத்தில் வெளி ஜல மட்டம் இருந்தால், ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 28 கிலோ பாரம் கீழிருந்து மேலே தள்ளும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையில் இது ஏறக்குறைய 3,400 கிலோ ஆகிறது. அவ்வறைக்கு 4 அங்குலக் கனத்தில் இட்ட கான்கிரீட்டின் எடையோ சுமார் 2,700 கிலோதான். ஆகவே, கம்பியில்லாத மெல்லிய தளம் வெடிப்பதும் கிளம்புவதும் கொத்தனாரின் குற்றம் அல்ல. தளம் பாரத்தில் தோற்றுவிட்டது. அரை அங்குலப் பூச்சின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உறிஞ்சி ஏறும் ஓதத்துக்குச் சிமெண்டுப் பூச்சு வேறு வகையில் கேடு செய்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் ஏறும் ஈரம் பூச்சின் வழியே ஆவியாக வெளியேறும். நெருக்கமான சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரம் பூச்சுக்கு மேல் வெளிப்பட இடம் தேடி இன்னும் உயர ஏறுகிறது. மண்சுவருக்குச் சிமெண்டு பூசினால், உள்ளே தங்கும் ஈரத்தால் சுவரே இளகிப்போகும். பழைய வீடுகளுக்குப் பழைய சுண்ணாம்புக் காரையே பொருந்துவது இக்காரணம்பற்றியே.

பரிகாரங்களின் வரிசை

செலவு குறைந்ததையும், ஜலத்தை வீட்டுக்கு மிகத் தொலைவில் தடுப்பதையும் முதலில் செய்ய வேண்டும். ஒன்றைச் செய்து ஒரு மழை பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் சிக்கனம்.

1. கூரை ஜலம்: இறவாரத்தில் தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ தாரை அமைத்து, குழாய் வழியே இறக்கி, சுவரிலிருந்து குறைந்தது 6 அடிக்கு அப்பால் விட வேண்டும். மழைநீரைச் சேமிக்கும் குழியையும் தாழ்ந்த அறைக்கு அருகில் வெட்டாமல், இயன்றவரை தூரத்திலும் தாழ்ந்த பக்கத்திலும் அமைத்தல் நலம்.

2. மண் சரிவு: சுவரைச் சுற்றியுள்ள நிலம் வெளிநோக்கிச் சரிய வேண்டும். முதல் 10 அடியில் 6 அங்குலச் சரிவு போதுமானது. மேலே களிமண் இட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மணல் இட்டால் ஜலம் இறங்கிவிடும். சுவரடியில் வாழை வைத்து நீர் பாய்ச்சுதல், பாத்திரம் கழுவும் இடத்தைச் சுவரோரம் வைத்தல் ஆகியவற்றை நிறுத்துவது அவசியம். வாசலில் சிறு வரம்புபோல் மேடு கட்டி, தெரு ஜலம் புகாமல் தடுக்கலாம்.

3. ஜல்லி வடிகால்: இவ்வளவுக்குப் பின்னும் பக்கத்து மேட்டிலிருந்து மண்ணூடே ஜலம் வந்தால், மேட்டுப் பக்கத்தில் சுவருக்குச் சில அடி தள்ளி 1 அடி அகலத்தில் ஒரு சால் தோண்டி, 100 அடிக்கு 1 அடி சரிவு வைத்து, துவாரமிட்ட குழாயைத் துவாரங்கள் கீழ்நோக்க இட்டு, சுற்றிலும் ஜல்லி நிரப்ப வேண்டும். மண் புகுந்து அடைக்காதபடி ஜல்லியைச் சுற்றி வடிதுணி போடுதல் முக்கியம். அமெரிக்க நாட்டில் ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்பவர் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்ணை வடிகால் பற்றிய நூலால் இம்முறை பெயர் பெற்றது. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டலாகாது, சுவர் இறங்கிவிடும். சாலின் முடிவில் ஜலம் வெளியேறத் தாழ்ந்த இடம் இல்லையெனில் இவ்வேலை பயனற்றது.

4. ஓதத் தடை: புதிதாகக் கட்டும் வீட்டில், வெளித் தரைக்கு 6 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் ஈரம் ஏறாத படுகை ஒன்று இட வேண்டும். நெருக்கமான கான்கிரீட்டை ஒன்றரை அங்குலக் கனத்தில் இட்டு அதன்மேல் தார் பூசலாம். அல்லது கடப்பைக் கல்லை இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இணைப்பு மற்றதன் இணைப்பின்மேல் வராதபடி சிமெண்டுக் கலவையில் பதிக்கலாம். கட்டும்போது மிகச் சொற்பச் செலவில் முடியும் இவ்வேலை, பின்னர் செய்வதானால் பல மடங்கு செலவாகும். பழைய செங்கற்சுவரில் இதை நுழைப்பதானால் ஒரு சமயத்தில் 3 அடிக்கு மேல் குடையாமல், விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். மண்சுவரில் இம்முயற்சி கூடாது.

5. தரையை உயர்த்துதல்: தெருவுக்குத் தாழ்ந்துவிட்ட அறையில் கூரை போதிய உயரம் இருக்குமானால், தரையை உயர்த்துவதே நிலையான பரிகாரம். பழைய தரையின்மேல் ஜல்லியோ செங்கல் உடைப்போ 6 அங்குலம் பரப்பி இறுக்கி, கனமான பிளாஸ்டிக் விரிப்பை ஓரங்கள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து, அதன்மேல் கான்கிரீட் இட வேண்டும். வாசற்கால், ஜன்னல் இவற்றின் உயரத்தை முன்னதாகக் கணக்கிடுவது நல்லது. வீடு முழுவதையும் ஜாக்கிகளால் தூக்கி உயர்த்தும் வேலையும் தமிழ்நாட்டில் நடைபெறுகிறது. அதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னாலன்றித் தொடங்கலாகாது.

6. குழியும் பம்பும்: நிலத்தடி நீர் உயர்ந்து, வெளியேற வழியும் இல்லாத நிலவறையில், தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி, மிதவையால் தானே இயங்கும் மின்பம்பு வைப்பது ஒன்றே வழி. மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும் என்பதை நினைவிற்கொண்டு, அத்தகைய அறையில் தானியத்தை வைக்காமல் இருப்பதே விவேகம்.

காற்றின் ஈரத்தால் வியர்க்கும் அறைக்கு மேற்கூறிய எதுவும் தேவையில்லை. மழைநாளில் ஜன்னலை மூடி, வறண்ட வெயில் நாளில் திறந்துவைத்தால் போதும். மூட்டைகளைச் சுவருக்கு 2 அடி தள்ளி, மரச்சட்டங்களின்மேல் அடுக்க வேண்டும்.

ஜலம் புகுந்துவிட்டால்

அறையில் ஜலம் நிறைந்திருக்கும்போது, வீட்டின் மின்சார இணைப்பைத் துண்டிக்காமல் ஒருவரும் காலை வைக்கலாகாது. மின்பலகை ஜலத்துக்குள்ளோ அருகிலோ இருந்தால், அதைத் தொடாமல் மின்வாரிய ஊழியரை அழைக்க வேண்டும். எண்ணெய் எஞ்சினை அறைக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கு அபாயம். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. தானியம் அடைத்த நிலவறையிலும் குழியிலும், தானியம் சுவாசிப்பதாலேயே கரியமிலவாயு நிறைந்திருக்கும். பல மணி நேரம் திறந்துவைத்து நன்கு காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரும் தனியே இறங்கலாகாது. உள்ளே விழுந்தவரை மீட்கத் தாமும் இறங்கி உயிர் துறந்தவர்கள் பலர்.

வெளியே மண் முழுதும் ஊறியிருக்கும்போது ஆழ்ந்த நிலவறையின் ஜலத்தை ஒரே மூச்சில் இறைத்துவிட்டால், வெளிமண்ணின் பாரத்தைத் தாங்காமல் சுவர் உள்நோக்கிச் சாயக்கூடும். வெளி ஜலம் வடிந்த பிறகு, நாள் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்காக இறைப்பதே பாதுகாப்பான முறை.

சங்கம் செய்யக்கூடியவை

ஒருவர் தம் முற்றத்தை உயர்த்தினால் ஜலம் அடுத்தவர் முற்றத்துக்குப் போகிறது. அவரும் உயர்த்தினால் தெருக்கோடியிலுள்ள, உயர்த்தச் சக்தியற்ற ஏழையின் வீட்டில் அது சேர்கிறது. ஆதலால் தெருவுக்குப் பொதுவான வடிகால் இல்லாத இடத்தில், தனித்தனியே செய்யும் வேலை தொல்லையை இடம் மாற்றுமேயன்றி நீக்காது. கூட்டுறவுக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் வேறில்லை.

சங்க அங்கத்தினர்கள் தெருத்தெருவாகச் சென்று, எந்தெந்த வீட்டுத் தரை தெருவுக்கு எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, தெருவின் சரிவு எப்பக்கம் இருக்கிறது, தூர்ந்த வாய்க்கால்கள் எவை என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம். குழாய், ஜல்லி, பிளாஸ்டிக் விரிப்பு முதலியவற்றைப் பல குடும்பங்களுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும்; வண்டிச் சத்தமும் பங்காகும். சங்கக் கிடங்கின் தரையையே முதலில் சீர்செய்து காட்டினால், அது மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாக விளங்கும்.

சாலை உயர்வதைத் தடுப்பதும் கூடாத காரியம் அன்று. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இட்டு, சாலையின் மட்டம் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். தெருவில் சாலை வேலை தொடங்குமுன் தாழ்ந்த வீடுகளின் அளவுகளைக் காட்டி, இதை அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் நினைவூட்டுதல் சங்கத்தின் கடமையாகும். வடிகால் வேலைக்குக் கிராம சபையில் தீர்மானம் வேண்டுமானால், அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டம் மழைக்கு மிக நெருங்கியது. ஆகஸ்டு 15-ஆம் நாள் கூட்டத்திலேயே பட்டியலுடன் முன்வைப்பது உசிதம்.

ஆடியில் அளவு எடுத்து, ஆவணியில் வாய்க்காலைத் தூர்வாரி, புரட்டாசிக்குள் தாரைகளையும் மண் சரிவையும் முடித்துவிட்டால், ஐப்பசியில் பெய்யும் முதற் பெருமழையே வேலையின் தரத்தைக் காட்டிவிடும். அம்மழையில் குடையுடன் வெளியே வந்து, ஜலம் ஓடும் திசையைத் தெருக்கோடி வரையில் ஒருமுறை பார்த்து வருவது ஒவ்வொரு அங்கத்தினருக்கும் நன்மை பயக்கும். எஞ்சிய குறை எங்கே என்பது அப்பொழுது தெரியும்; அடுத்த ஆண்டு வேலையையும் அங்கிருந்தே தொடங்கலாம்.